வலது அம்பு மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? டிஐ-84இல் பொத்தான்களைப் படிக்கும் விதம்

கேள்வி இதுதான். டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரில் சின்னதாக ஒரு விளையாட்டு எழுதியிருக்கிறீர்கள். திரையில் 'ஓ' என்ற எழுத்து நிற்கிறது. இடது அம்பை அழுத்தினால் ஒழுங்காக நகர்கிறது. வலது அம்பை ஐந்தாறு முறை அழுத்தினால் ஒரு முறை நகர்கிறது. பொத்தான் தேய்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். கூடவே, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொத்தான் தேயவில்லை. கால்குலேட்டரைப் பிரித்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நிரலின் நடுப்பகுதியை இங்கே எடுத்து எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கருவியில் பிஆர்ஜிஎம் பொத்தானை அழுத்தி வரும் பட்டியல்களில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். பொத்தானைப் படிக்கும் கட்டளையான கெட்கீ மட்டும் அதே பட்டியலில் ஐ/ஓ என்ற பக்கத்தில் ஏழாவதாக இருக்கிறது.

வைல் 1
இஃப் கெட்கீ=24
எக்ஸ்-1→எக்ஸ்
இஃப் கெட்கீ=26
எக்ஸ்+1→எக்ஸ்
அவுட்புட்(4,எக்ஸ்,"ஓ")
எண்ட்

படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. 24 என்றால் இடது அம்பு, 26 என்றால் வலது அம்பு. எண்களில் பிழை இல்லை. பிழை, கெட்கீ என்ற சொல்லை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. "இப்போது எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது?" என்று அது கேட்பதாக நினைத்திருக்கிறீர்கள். அது கேட்பது வேறு: "நான் கடைசியாகக் கேட்டதற்குப் பிறகு கடைசியாக அழுத்தப்பட்ட பொத்தான் எது?"

ஒரு சிலேட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கருவி அதன் எண்ணை அந்தச் சிலேட்டில் எழுதிவைக்கிறது. முன்பு ஏதாவது எழுதியிருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். கெட்கீ வரும்போது அந்த எண்ணைப் படித்துச் சொல்கிறது. சொன்ன கையோடு சிலேட்டை அழித்தும் விடுகிறது. அடுத்து யாரும் எதையும் அழுத்தாமல் மறுபடி கெட்கீயைக் கூப்பிட்டால் 0தான் கிடைக்கும்.

இனி உங்கள் நிரலுக்குள் வலது அம்பாகப் புகுந்து பாருங்கள். ஒரு சுற்றில், அதாவது வைலிலிருந்து எண்ட் வரை ஒரு முறை ஓடுவதில், பெரும்பாலான நேரம் எங்கே செலவாகிறது? திரையில் எழுதும் அவுட்புட் வரியில். ஆகவே நீங்கள் எப்போது அழுத்தினாலும், நிரல் அந்த வரியில் இருக்கும்போது அழுத்தவே வாய்ப்பு அதிகம். சிலேட்டில் 26 விழுகிறது. எண்ட் வருகிறது, நிரல் மேலே போகிறது, முதல் கெட்கீ 26ஐப் படிக்கிறது. 24ஆ என்று ஒப்பிடுகிறது. இல்லை. சிலேட்டு அழிந்தாயிற்று. இரண்டாவது கெட்கீக்கு 0 கிடைக்கிறது. உங்கள் வலது அம்பு கேட்பாரற்றுப் போயிற்று. முதல் கெட்கீக்கும் இரண்டாவது கெட்கீக்கும் நடுவே உள்ள அந்தக் குறுகிய இடைவெளியில் உங்கள் விரல் தற்செயலாக விழுந்தால் மட்டுமே 'ஓ' வலப்பக்கம் நகரும். ஐந்தாறு முறைக்கு ஒரு முறை என்று நீங்கள் சொன்னது அதுதான்.

இடது அம்பும் யோக்கியம் இல்லை. அந்தக் குறுகிய இடைவெளியில் இடது அம்பை அழுத்தியிருந்தால் அதுவும் காணாமல் போயிருக்கும். அரிதாக நடப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு இஃப்களையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இப்போது வலது அம்பு நல்ல பிள்ளையாகிவிடும், இடது அம்பு அடம்பிடிக்கும்.

மருந்து ஒரு வரிதான். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கெட்கீ. அது தரும் எண்ணை உடனே ஒரு மாறியில் போட்டுவிடுங்கள். அதன் பிறகு அந்த மாறியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒப்பிடலாம், அது அழியாது. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

8→எக்ஸ்
4→ஒய்
கிளியர்ஹோம்
அவுட்புட்(ஒய்,எக்ஸ்,"ஓ")
ரிப்பீட் கே=45
கெட்கீ→கே
இஃப் கே
தென்
அவுட்புட்(ஒய்,எக்ஸ்," ")
மேக்ஸ்(1,மின்(16,எக்ஸ்+(கே=26)-(கே=24)))→எக்ஸ்
மேக்ஸ்(1,மின்(8,ஒய்+(கே=34)-(கே=25)))→ஒய்
அவுட்புட்(ஒய்,எக்ஸ்,"ஓ")
எண்ட்
எண்ட்

இதில் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

வைல் இருந்த இடத்தில் ரிப்பீட் வந்திருக்கிறது. 45 என்பது கிளியர் பொத்தான். அதை அழுத்தினால் விளையாட்டு முடியும். "வைல் கே≠45" என்றும் எழுதலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். முதல் தடவை நன்றாக ஓடியது. இரண்டாம் தடவை தொடங்கிய கணமே முடிந்துபோனது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் இதுதான்: இந்தக் கருவியில் நிரல் முடிந்தாலும் மாறிகளின் மதிப்பு அப்படியே தங்கிவிடும். கிளியரை அழுத்தித்தானே வெளியே வந்தேன்? எனவே கேயில் 45 உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை வைல் வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ரிப்பீட் வாசலில் சோதிப்பதில்லை. எண்ட் வரும்போதுதான் சோதிக்கிறது. அதற்குள் கெட்கீ புது எண்ணைக் கேயில் போட்டிருக்கும்.

நகர்த்தும் வரியில் இஃப் இல்லை. (கே=26) என்ற ஒப்பீடு உண்மையானால் 1, பொய்யானால் 0. வலது அம்பென்றால் ஒன்று கூடும், இடது அம்பென்றால் ஒன்று குறையும், வேறு எதுவானாலும் எக்ஸ் அப்படியே இருக்கும். இஃப் வரிகளைவிட இது குறைந்த இடத்தை அடைக்கும். மேக்ஸும் மின்னும் வேலி போலச் சுற்றி நிற்கின்றன. டிஐ-84 பிளஸின் முகப்புத் திரையில் 8 வரிசை, 16 நெடுவரிசை. எக்ஸ் 0 ஆனாலோ 17 ஆனாலோ அவுட்புட் டொமைன் பிழை என்று சொல்லி நிரலை நிறுத்திவிடும். நிறமுள்ள டிஐ-84 பிளஸ் சிஇ உங்களிடம் இருந்தால் 10 வரிசை, 26 நெடுவரிசை. வேலியைத் தள்ளி வையுங்கள்.

"இஃப் கே" என்ற வரி, ஏதாவது அழுத்தப்பட்டிருந்தால் மட்டும் திரையைத் தொடச் சொல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முழுத் திரையையும் அழித்து எழுதும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணைக் கூசும். பழைய இடத்தில் ஒரு வெற்றிடத்தை எழுதிவிட்டுப் புது இடத்தில் 'ஓ'வை எழுதினால் போதும். உங்கள் நிரலில் அந்த வெற்றிடமும் இல்லாததால் 'ஓ' நகர நகரப் பின்னால் வால் நீண்டிருக்குமே!

எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேலிருந்து எத்தனையாவது வரிசை, இடமிருந்து எத்தனையாவது பொத்தான் என்ற இரண்டையும் ஒட்டி எழுதினால் அதுதான் எண். மேல்வரிசையின் முதல் பொத்தான் 11, அந்த வரிசையின் கடைசியில் இருக்கும் கிராஃப் 15. கீழ்வரிசையின் கடைசியில் இருக்கும் என்டர் 105, பத்தாவது வரிசை, ஐந்தாவது பொத்தான். அம்புகள் மட்டும் கொஞ்சம் முறை தவறி உட்கார்ந்திருக்கின்றன: இடது 24, மேல் 25, வலது 26, கீழ் 34. செகண்ட் பொத்தானுக்கும் ஆல்ஃபா பொத்தானுக்கும் இங்கே எந்தச் சலுகையும் கிடையாது. அவையும் சாதாரணப் பொத்தான்களே, 21, 31. செகண்டை அழுத்திவிட்டு வேறொன்றை அழுத்தினால் இரண்டு தனி எண்கள்தான் வரும். இது ஒரு வகையில் வசதி. விளையாட்டில் சுடுவதற்குச் செகண்டைப் பலரும் பயன்படுத்துவது இதனால்தான், இடது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

இலக்கப் பொத்தான்களை எண்ணாக மாற்ற ஒன்பது இஃப் எழுதுபவர்கள் உண்டு. தேவையில்லை. 7, 8, 9 பொத்தான்கள் 72, 73, 74. 4, 5, 6 அடுத்த வரிசையில் 82, 83, 84. 1, 2, 3 அதற்கும் கீழே 92, 93, 94. ஒரு வரிசை இறங்கினால் பொத்தான் எண் 10 கூடுகிறது, இலக்கமோ 3 குறைகிறது. அதாவது வித்தியாசம் வரிசைக்கு 13. ஆகவே

கே+26-13இன்ட்(கே/10)

என்ற ஒரே கணக்கு ஒன்பது இலக்கங்களையும் தந்துவிடும். இன்ட் என்பது புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடும். 83ஐப் போட்டுப் பாருங்கள்: 83, கூட்டல் 26, கழித்தல் 104, விடை 5. பூஜ்யத்தின் எண் 102, அது இந்தக் கணக்கில் அடங்காது, தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொரு வம்பும் உண்டு. 71 என்பது லாக் பொத்தான். அதை அழுத்தினாலும் இந்தக் கணக்கு 6 என்று முகம் மாறாமல் பொய் சொல்லும். எனவே கடைசி இலக்கம் 2, 3, 4இல் ஒன்றுதானா, வரிசை 7 முதல் 9 வரைதானா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஒரு பொத்தானுக்காகக் காத்திருப்பது மட்டும் வேலை என்றால் மூன்று வரி:

ரிப்பீட் கே
கெட்கீ→கே
எண்ட்

இதற்கு முன்னால் தனியாக ஒரு கெட்கீயை, எந்த மாறியிலும் போடாமல், வெறுமனே எழுதும் பழக்கம் நல்லது. பெரிய படம் ஒன்றை நிரல் வரைந்துகொண்டிருக்கும்போது ஆட்டக்காரர் பொறுமை இழந்து எதையாவது அழுத்தியிருப்பார். அந்த எண் சிலேட்டில் காத்திருக்கும். நீங்கள் "தொடர ஒரு பொத்தானை அழுத்தவும்" என்று காட்டிய மறுகணமே நிரல் தாண்டிப் போய்விடும். வெறும் கெட்கீ சிலேட்டைத் துடைத்துவைக்கும்.

லேபிள் போட்டுக் கோட்டூ என்று திரும்பத் திரும்பத் தாவி எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு தாவலின்போதும் கருவி லேபிளை நிரலின் முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டு வரும். நிரல் நீளமானால் ஆமை வேகம்தான். தென், ரிப்பீட் போன்றவற்றின் உள்ளிருந்து வெளியே தாவினால் இன்னும் மோசம். முடிக்கப்படாத எண்ட் ஒவ்வொன்றையும் கருவி நினைவில் வைத்துக்கொண்டே போகும். கடைசியில் மெமரி பிழை.

பேட்டரியைப் பற்றியும் ஒரு சொல். கெட்கீக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் நிரல், கருவியின் கணக்கில், மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் சும்மா இருந்தால் தானாக அணையும் வசதி அதனால் நடக்காது. விளையாட்டைத் திறந்தபடி பையில் போட்டுவிட்டுப் போனால் நான்கு ட்ரிபிள்-ஏ பேட்டரிகளும் தீரும் வரை அது சுற்றும். வெறும் என்டருக்காகக் காத்திருக்கும் இடங்களில் பாஸ் கட்டளையே போதும், அங்கே கருவி உறங்கப் போகும்.

அடுத்து, அழுத்திப் பிடிப்பது. நான்கு அம்புகளும் டெல் பொத்தானும் மட்டும்தான் அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப எண்ணைத் தரும். முதல் முறைக்குப் பிறகு ஒரு சின்னத் தயக்கம், பிறகு சீராக வரும். மற்ற எந்தப் பொத்தானும், எவ்வளவு நேரம் பிடித்தாலும், ஒரே முறைதான். ஆகவே நகர்வதற்கு 4, 6 பொத்தான்களை வைத்துவிடாதீர்கள். பொத்தானை விட்டுவிட்டார்களா என்பதை இந்த மொழியில் நேராக அறிய வழியில்லை.

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அறிவதும் அப்படித்தான். சிலேட்டில் ஓர் எண்ணுக்குத்தான் இடம் என்றேன் அல்லவா? டிஐ-பேசிக்கில், அதாவது நீங்கள் எழுதும் இந்த மொழியில், முடியாது என்பதே பதில். மேல் அம்பையும் வலது அம்பையும் சேர்த்து அழுத்திக் குறுக்கே போக வேண்டுமானால், ஒன்று இலக்கப் பொத்தான்களை எட்டுத் திசைகளாக வைத்துக்கொள்ளுங்கள் (பிடித்தால் ஓடாது, ஒவ்வொரு நகர்வுக்கும் தட்ட வேண்டும்), அல்லது செயலியோடு நேராகப் பேசும் அசெம்பிளி மொழிக்கு இறங்குங்கள்.

இறங்கினால் காட்சியே வேறு. டிஐ-83 பிளஸும் டிஐ-84 பிளஸும் இசட்80 செயலியில் ஓடுபவை. முன்னது 6 மெகாஹெர்ட்ஸ், பின்னது 15 வரை. பொத்தான்கள் அனைத்தும் ஏழு குழுக்களாகக் கம்பிகளில் கட்டப்பட்டிருக்கின்றன, ஒரு குழுவுக்கு அதிகபட்சம் எட்டு. செயலி மற்ற பாகங்களோடு பேசும் வாசல்களுக்குப் போர்ட் என்று பெயர். முதல் போர்ட்டில் எந்தக் குழு வேண்டும் என்பதை எழுத வேண்டும், பிறகு அதே போர்ட்டைப் படிக்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ்: அழுத்தப்படாதது 1, அழுத்தப்பட்டது 0. அம்புகள் உள்ள குழுவுக்கு 254 எழுதவேண்டும். எதுவும் அழுத்தப்படவில்லை என்றால் 255 வரும். கீழ், இடது, வலது, மேல் என்ற வரிசையில் கடைசி நான்கு பிட்களும் அம்புகளுக்கு. வலது அம்பு 4ஐக் குறைக்கும், மேல் அம்பு 8ஐக் குறைக்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 243. நீங்கள் கேட்ட குறுக்கு நகர்வு அந்த ஒரு பைட்டுக்குள் இருக்கிறது. விட்டுவிட்டார்களா என்பதும் தெரியும், மறுபடி படித்தால் 255.

எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவே ஓரிரு வெற்றுக் கட்டளைகளை வைத்துக் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். கம்பியில் மின்னழுத்தம் நிலைக்க நேரம் பிடிக்கும். வெவ்வேறு குழுக்களில் மூன்று பொத்தான்களை, ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளாக அமையும்படி அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் கருவி நம்பிவிடும். கம்பிகள் வழியாக மின்சாரம் சுற்றிப் போவதால் வரும் பேய்ப் பொத்தான் அது. இருவர் ஒரே கருவியில் ஆடும் விளையாட்டு எழுதினால் இது கட்டாயம் வந்து தொல்லை தரும்.

அசெம்பிளியில் போர்ட்டைத் தொடாமல், இயங்குதளம் தரும் இரண்டு உதவிகளையும் கூப்பிடலாம். கெட்சிஎஸ்சி காத்திருக்காது, எதுவும் இல்லையென்றால் 0 தரும். கெட்கீ என்ற பெயரிலேயே இன்னொன்று இருக்கிறது, அது பொத்தான் வரும் வரை காத்திருக்கும், செகண்ட், ஆல்ஃபா சேர்க்கைகளையும் புரிந்துகொள்ளும். பேசிக்கின் கெட்கீயும் இதுவும் பெயரில் மட்டும்தான் உறவு. எண்களும் ஒத்துவராது: மேல் அம்பு பேசிக்கில் 25, கெட்சிஎஸ்சியில் 4, அசெம்பிளியின் கெட்கீயில் 3. ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொன்றுக்கு எழுதி மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. செயலியை அவ்வப்போது இடைமறித்து வேறு வேலைக்கு அனுப்பும் தடைகளை, அதாவது இன்டரப்ட்களை, நிறுத்திவிட்டுக் கெட்சிஎஸ்சியைக் கூப்பிட்டால் பதில் வராது. பொத்தான்களைத் தடவிப் பார்ப்பதே அந்தத் தடை நேரத்தில்தான்.

சிஇ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் செயலி இஇசட்80, 48 மெகாஹெர்ட்ஸ். முதல் போர்ட் கணக்கு அங்கே பொருந்தாது. போதாததற்கு, 2020இல் வந்த 5.5.1 இயங்குதளத்தில் அசெம்பிளி நிரல்களை நேராக ஓட்டும் வசதியையே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் எடுத்துவிட்டது. பேசிக் நிரல்களுக்கு அதனால் பாதிப்பில்லை.

உங்கள் நண்பரின் கேசியோவில் இதே நிரலை எழுதிப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அங்கேயும் கெட்கீ என்றுதான் பெயர். ஆனால் அங்கே சிலேட்டு இல்லை. எஃப்எக்ஸ்-9860ஜி போன்றவற்றில் அது கேட்பது, நீங்கள் முதலில் நினைத்தீர்களே, அதே கேள்வி: இந்தக் கணத்தில் எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது? ஆகவே நோய்களும் நேர் எதிர். நிரல் வேறு வேலையில் இருக்கும்போது தட்டிவிட்டு விரலை எடுத்துவிட்டால் அந்தத் தட்டல் போனது போனதுதான். மாறாக, மெனுவில் ஒரு முறை தட்டினால், விரல் எழுவதற்குள் நிரல் பல சுற்றுகள் ஓடி, தேர்வு நாலைந்து வரி தாண்டிக் குதித்துவிடும். அதற்கு, பொத்தானைப் படித்த பிறகு "வைல் கெட்கீ" என்று எழுதி, அடுத்த வரியிலேயே வைல்எண்ட் போட்டு மூடிவிடுங்கள். விரல் எழும் வரை நிரல் அங்கேயே நிற்கும். எண்களைக் கீழிருந்தும் வலமிருந்தும் எண்ணியிருக்கிறார்கள்: மேல் 28, கீழ் 37, இடது 38, வலது 27, எக்ஸி 31.

கடைசியாக, ஆன் பொத்தானைக் கொண்டு விளையாட்டை நிறுத்த முடியுமா என்று ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். டிஐ-பேசிக்கில் அதைக் கெட்கீ பார்ப்பதில்லை. அட்டவணைப்படி 101 என்ற இடம் அதற்குரியது, ஆனால் அந்த எண் ஒருபோதும் வராது. அழுத்தினால் நிரல் பிரேக் பிழையோடு நின்றுவிடும். வெளியேற ஒரு வழி வைக்காமல் நீங்கள் எழுதிய "வைல் 1"இலிருந்து இதுவரை தப்பி வந்தது அந்தப் பொத்தானால்தான்.